நஞ்சற்ற சோறும் நாதியற்ற கமக்காரனும்

நல்லதொரு நோக்கத்தின் பெயரால் பிறர்மீது துன்பத்தைச் சுமத்தும் உரிமை எவருக்கேனும் உண்டா? அறநூல்களிலே நெடுங்காலம் பேசப்பட்டுவந்த இக்கேள்வி, 2021ஆம் ஆண்டில் இலங்கையின் வயல்வரப்புகளிலே வந்து நின்றது. இரசாயனப் பசளைத் தடையைப் பொருளாதாரப் பிழையென ஆராய்ந்தோர் பலர். அதன் அடியிற் கிடக்கும் அறப்பிழையை ஆராய்ந்தோர் மிகச் சிலரே.

நிகழ்ந்ததை முதலில் நினைவு கொள்வோம். 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்திலே, பத்தாண்டுக் காலத்தில் நாட்டைச் சேதனப் பசளைக்கு மாற்றுவோம் என்றார் கோத்தாபய ராஜபக்ஷ. 2021 மே மாதத்திலே ஒரேயொரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளைகளினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பத்தாண்டு ஒரே நாளாகச் சுருங்கிற்று. மக்களின் உடல்நலமே காரணம் என்றனர். பசளைக்கென ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 கோடி டொலர் வெளியே செல்கின்றது என்ற கணக்கும் உடன் உரைக்கப்பட்டது.

நஞ்சற்ற சோறு வேண்டும் என்பது நியாயமான வேட்கை. அதை எள்ளி நகையாடுதல் தகாது. அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் 1990கள் முதல் கமக்காரரின் சிறுநீரகங்களைத் தின்றுவரும் நோய்க்கு வேளாண் இரசாயனங்கள் எத்துணைப் பொறுப்பு என்பதில் விஞ்ஞானிகளிடையே ஒருமித்த முடிவில்லை. ஆயினும் அம்மக்களின் அச்சம் மெய்யானது. தெமட்டகொடையின் தொடர்மாடி வீடொன்றிலே, சந்தையில் வாங்கிய மரக்கறியை உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவும் தாயின் அச்சமும் மெய்யானதே. பசளைக் கம்பெனிகளின் இலாபத்துக்காக இவ்வச்சங்களை மறைத்தல் நமது வேலையன்று.

ஆயின், கமக்காரனை யூரியாவிடம் அழைத்துச் சென்றவர் யார்? பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் ஈன்ற புதிய நெல்லினங்கள் பசளையிட்டால் பெருவிளைவு தருமாறு உருவாக்கப்பட்டவை. 2005ஆம் ஆண்டின் பின்னர் 50 கிலோ மூட்டையை 350 ரூபாவுக்கு வழங்கி, இன்னும் இடு, இன்னும் இடு என்று ஊக்கியது அரசே. அம்மூட்டை ஒன்றிலுள்ள நைதரசன் 23 கிலோ. கூட்டெருவிலே நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் நைதரசன். எனவே ஒரு மூட்டைக்கு ஈடுசெய்ய ஒன்று முதல் இரண்டு தொன்னுக்கு மேலான கூட்டெரு வேண்டும். அதைச் சேர்ப்பது யார்? சுமப்பது யார்? அதற்கான மாடுகள் எங்கே? ஆணை இவற்றுக்கு விடை கூறவில்லை.

விடை கடல்கடந்து வந்தது. சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையைச் சுமந்துகொண்டு 'ஹிப்போ ஸ்பிரிட்' என்னும் கப்பல் புறப்பட்டது. தற்சார்பின் பெயரால் எருவையும் இறக்குமதி செய்த விந்தை இது! மாதிரிகளிலே பயிருக்குத் தீங்கான கிருமிகள் உள்ளன எனக் கூறி இலங்கை அதை ஏற்க மறுத்தது. இறக்காத சரக்குக்காக 67 இலட்சம் டொலர் செலுத்தவும் நேர்ந்தது. கிளாஸ்கோ காலநிலை மாநாட்டையொட்டி நமது பசுமைக் கொள்கையை ஜனாதிபதி உலகுக்கு எடுத்துரைத்த சில வாரங்களுள், 2021 நவம்பரிலே, தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022 ஜனவரியில் நெற்செய்கையாளர் பத்து இலட்சம் பேருக்கு மேல் நட்டஈடு வழங்க 4,000 கோடி ரூபா ஒதுக்குவதாக அரசே அறிவித்தது. தவற்றுக்கு அதனினும் தெளிவான ஒப்புதல் வேண்டுமோ?

விலையைக் கொடுத்தவர் யாவர்? விளைச்சல் இழந்த கமக்காரர். களை மண்டிய தேயிலை மலையிலே கொழுந்தின் நிறைக்கேற்பக் கூலி எண்ணப்படும் பெண்கள். அரிசி விலையேற, ஒருவேளைச் சோற்றைக் குறைத்த நகரத்து ஏழைகள். 2022 ஜூனிலே, வீட்டுத்தோட்டம் செய்யும்பொருட்டு அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை முடிவு செய்தது. நிலமுள்ளோருக்கு அது நல்ல ஆலோசனை. எட்டாம் மாடியிலே துணி உலர்த்தவும் இடமில்லாத குடும்பம் எம்மண்ணிலே கத்தரி நடும்?

வடபகுதிக் கமக்காரருக்கு இது புதிய அனுபவமன்று. 1990களின் போர்க்காலத்தில் அப்பகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிலே யூரியாவும் அடங்கியிருந்தது. அன்று கூறப்பட்ட காரணம் பாதுகாப்பு. பின்னாளிற் கூறப்பட்டது பசுமை. இரண்டும் ஒன்றென்று கூறமாட்டேன். எனினும் வெங்காயத் தறையிலே நிற்பவன் இரண்டு வேளையிலும் கண்டது ஒன்றே: அவனைக் கேளாது அவன் வாழ்வைப்பற்றி எடுக்கப்பட்ட முடிவு.

"மக்கள் சம்மதிக்கும்வரை காத்திருந்தால் எந்தச் சீர்திருத்தமும் நிகழாது, தடையென்றால் தடைதான்" என்பார் சிலர். இவ்வாதத்துக்கு நமது வரலாறே விடை தருகின்றது. மிகக் கொடிய பூச்சிநாசினிகளை இலங்கை 1980கள் முதல் ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1995இல் மிகுநச்சு வகையைச் சார்ந்தவை தடுக்கப்பட்டன; 1998இல் எண்டோசல்பான். நஞ்சருந்தி மாண்டோரின் தொகை பெரிதும் வீழ்ந்தது. நெல் விளைச்சலோ அதனாற் குன்றவில்லை. ஏன்? ஆராய்ந்து, மாற்று மருந்து கையில் இருப்பதை உறுதிசெய்து, படிப்படியாகச் செய்தனர். அங்கே தடையின் சுமை உயிர்காத்தது. இங்கே அது வயிற்றிலடித்தது. ஆகவே குற்றம் தடையென்னும் கருவியில் இல்லை. பாதிக்கப்படுவோனைக் கணக்கில் எடாத ஆணவத்தில் உள்ளது.

தன் சோற்றைக் குறைத்து அறம் செய்பவன் தியாகி. பிறன் சோற்றைக் குறைத்து அறம் பேசுபவனுக்கு அப்பெயர் பொருந்தாது. சேதன வேளாண்மை வருக. கமக்காரர் சங்கங்கள் காலத்தையும் முறையையும் வகுக்க வருக. மண் தேறும்வரையிலான நட்டத்தை அரசு ஏற்க, நியாய விலை உறுதியாக, வருக. அவ்வாறு வாராவிடின், நஞ்சற்ற அரிசி வசதி படைத்தோரின் கடைத்தட்டிலே அழகிய பொதியாக அமர்ந்திருக்கும். அதை விளைத்தவன் கடன்சீட்டோடு வெளியே நிற்பான்.

வகுப்பறைகளிலே சுற்றாடலைப் பற்றி நாம் நிறையப் பேசுகின்றோம். பேசுவோம். ஆயின் பசுமைக்கான திட்டம் எதனைக் கேட்டாலும், இதற்கான விலையை எவன் கொடுக்கின்றான், அவனைக் கேட்டீர்களா என்று எழுந்து நின்று வினவவும் நம் மாணவருக்குக் கற்பிப்போம்.