வாடகை வீட்டில் வாய்மை

கிராமத்தில் இருந்தவரை என்னை யாரும் ‘நீங்க என்னா ஆளுங்க?’ என்று கேட்டதில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஏரி வாய்க்கால். அதன்மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தின் எந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறேன் என்று பார்த்தாலே என்னைப்பற்றித் தெரியவேண்டியது எல்லாம் தெரிந்துவிடும். எம்.ஏ. தமிழ் படித்து, பத்து வருஷம் கூட்டம், ஊர்வலம், கண்டனம் என்று அலைந்து, முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பிள்ளைகள் படிப்புக்காக விழுப்புரம் மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றுக்குக் குடிபோனோம். அங்கேதான் அந்தக் கேள்வியை முதல்முதலாக இன்னொருவர் வாயிலிருந்து நேராகக் கேட்டேன்.

நஞ்சை நிலத்தைத் தூர்த்து மனை போட்டு விற்ற இடம். சாமி பேரில் ஒரு ‘நகர்’. கல் நட்டுப் பிரித்த மனைகளில் யார் யாரோ வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். அங்கே ஊரும் இல்லை, சேரியும் இல்லை. தரையில் கோடு கிடையாது என்று சந்தோஷப்பட்டுத்தான் போனோம். தரையில் இல்லாத கோடு மனிதர்களின் பேச்சில் வந்து உட்கார்ந்திருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. தெரு சொல்லாததை வாய் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீடு கிடைத்த கதையை நீட்ட வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆறு வீடு பார்த்தோம். ஒருவரும் ‘உங்களுக்கு இல்லை’ என்று சொல்லவில்லை. தங்கச்சி குடும்பம் வரப்போவுது, வெள்ளையடிக்கணும், சைவக்காரங்களுக்குத்தான் விடறது. எந்தப் பகுதியிலும் நாம் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் சொல்கிறது. 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. வெள்ளையடிப்பதைக் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஏழாவது வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். என் துணைவருக்கு அரசாங்கச் சம்பளமா என்று மட்டும் போனில் கேட்டார். கொடுத்துவிட்டார்.

தெருவில் இருந்தவர்களைக் கெட்டவர்கள் என்று எழுதிவிட்டால் இந்தக் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அப்படி இல்லை. எதிர்வீட்டு அக்கா வந்த அன்றைக்கே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பைப்பில் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில அஞ்சரைக்கு, விட்டா போச்சு என்று சொல்லித்தந்ததும் அவர்தான். பால்காரரைப் பேசிவிட்டார். எந்தக் கடையில் கடன் தருவார்கள், எந்த வீட்டு நாய் கடிக்கும், எல்லாம் ஒரு வாரத்தில் பாடம். சின்னவனுக்கு ராத்திரி காய்ச்சல் வந்தபோது ஆட்டோ பிடித்துக் கூடவே வந்து ஆஸ்பத்திரியில் விடியவிடிய உட்கார்ந்திருந்தார். அந்த அக்காதான் கேட்டார்.

நேராகக் கேட்கவில்லை. முதலில் எந்த ஊரு. அப்புறம் அந்த ஊர்ல எந்தப் பக்கம். குலசாமி எது? மேல்மலையனூர் அங்காளம்மன் என்றேன். அது நிஜம். எங்கள் பக்கத்தில் எல்லாச் சாதியும் அமாவாசைக்கு அங்கேதான் போகிறது என்பதால் அக்காவுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆடியில் கூழ் எங்கே ஊத்துவீங்க? ஞாயித்துக்கிழமை கறி எந்தக் கடையில? இப்படிப் படிப்படியாக ஏறி, ஒரு மத்தியானம் பூக்கட்டிக்கொண்டே, ‘தப்பா நெனச்சுக்காத, நீங்க என்னா ஆளுங்க?’ என்றார். நான் சிரித்து, ‘மனுஷ ஆளுங்கதான் அக்கா’ என்றேன். அவரும் சிரித்தார். அவர் கை மட்டும் பூவை விட்டுவிட்டது.

அதற்கு முன்பே நாங்கள் தயாராகியிருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வந்த முதல்நாள் கூடத்தில் மாட்டிய அம்பேத்கர் படம் மறுநாளே உள்ளறைக்குப் போனது. அடுத்த வாரம் பீரோ கதவின் உட்பக்கம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கறி நின்றுபோனது. மூன்றாவது படிக்கிற மகளிடம், ‘யாராவது கேட்டா, எங்கம்மாவக் கேளுங்கன்னு சொல்லு’ என்று பழக்கினேன். ‘ஏன், நமக்குத் தெரியாதா?’ என்றாள்.

இதைக் கேள்விப்பட்ட தோழர் ஒருவர் கடுமையாகக் கேட்டார். மேடையில தலித் என்று முழங்குகிறீர்கள், வாடகை வீட்டில் வாயை மூடிக்கொள்கிறீர்கள், இது பொய் இல்லையா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட முடியவில்லை. பல மாதம் எனக்குள் கிடந்தது.

பொய் சொல்வதைப்பற்றி 1797இல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் ஒரு கட்டுரை எழுதினார். உன் நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் உன் வாசலில் நின்று, அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூட நீ பொய் சொல்லக்கூடாது என்பது அவர் வாதம். வள்ளுவர் அவ்வளவு கறாரானவர் அல்ல. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்பார். எனக்கு இரண்டு பேரிடமும் ஒரு மனத்தாங்கல். காண்ட்டின் வாசலில் நிற்பவன் கொலைகாரன் என்று பார்த்ததுமே தெரிகிறது. என் வாசலில் நிற்பது என் பிள்ளைக்காக ராத்திரி கண்விழித்த அக்கா. வள்ளுவரோ நன்மை விளைந்தால் சரி என்கிறார். யாருக்கு நன்மை, யார் தலையில் செலவு என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது.

1917இல் பரோடாவில் வேலைக்குச் சேரப்போன அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில், அங்கிருந்த காவலாளியோடு பேசி வைத்துக்கொண்டு, பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். பதினோராம் நாள் பார்சிகள் கூட்டமாகத் தடியோடு வந்து யார் நீ என்று கேட்டார்கள். அவர் பதில் பேசாமல் நின்றார். ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற குறிப்புகளில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். அவர் மறைவுக்குப் பின் 1990இல் அது சிறுநூலாக வந்தது. அதில் என்னைத் தூங்கவிடாதது ஒரு சொல். தான் செய்ததை அவர் மோசடி என்றே குறிக்கிறார். கொலம்பியாவில் படித்துவந்தவர், தடிகளுக்கு நடுவில் நின்றவர், தம்மிடம் அவ்வளவு கறாராக இருக்கிறார்.

பாபாசாகேபிடம் இந்த ஒரு இடத்தில் நான் மாறுபட நினைத்தேன். கேட்கிறவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் ஆகும் செலவு ஒன்றாக இருந்தால்தான் உண்மை ஒரு கடன். எதிர்வீட்டு அக்கா தன் சாதியைச் சொல்லிவிட்டுத்தான் என்னைக் கேட்டார். அதைச் சொன்னதில் அவருக்கு ஒரு பைசா செலவில்லை. நான் சொன்னால் வீடு போகலாம், மகள் பக்கத்துவீட்டுப் பிள்ளையோடு ஆடுகிற பாண்டியாட்டம் போகலாம். பதிலைக் கேட்டுவிட்டு என்ன செய்வேன் என்று சொல்லாமல் கேட்கிற கேள்விக்கு நான் கடன்பட்டவள் அல்ல. மௌனமாக இருப்பது என் உரிமை. இப்படி ஒரு வாதத்தைக் கட்டி, தோழருக்கு நீளமாகக் கடிதமும் எழுதினேன். இப்போதும் அந்த வாதம் தப்பு என்று நினைக்கவில்லை. ஆனால் அது பாதிதான். மீதி, பொங்கலுக்கு முந்தின வாரம் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது.

எங்கள் தெருவுக்குப் புதிதாக மாற்றப்பட்ட துப்புரவுத் தொழிலாளி. (தூய்மைப் பணியாளர் என்று இப்போது பெயர் மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர் கேட்டால் கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுவது மாறவில்லை.) நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வாசலில் அக்காவும் கோலத்தில் இருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். என் பெயரைச் சொல்லி, என் அம்மா பெயரையும் சொல்லி, ‘நீ அவ மவ தானே?’ என்றார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் அம்மாவோடு நாற்றங்காலில் நின்றவர். நான் வயசுக்கு வந்தபோது புட்டுச் சுட்டு எடுத்து வந்தவர். சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

‘யாருன்னு தெரியலியே’ என்றேன்.

சின்னம்மா ஒரு கணம் எதிர்வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ‘ஆமாம்மா, வேற யாரோன்னு நெனச்சிட்டேன், கண்ணு மங்கிப்போச்சு’ என்று எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினார். மறுநாளிலிருந்து என்னை ‘அம்மா, குப்பை’ என்று கூப்பிட்டார்.

வள்ளுவர் சொல்கிற பொய்யை நான் நேரில் கண்டது அன்றைக்குத்தான். அதைச் சொன்னவர் சின்னம்மா. என் வீட்டைக் காப்பாற்றத் தன் கண்ணைக் குருடு என்றார். நான் சொன்னது வேறு ரகம். எதிர்வீட்டு அக்காவிடம் மௌனமாக இருந்தது பொய்யில்லை என்று வாதாட எனக்கு வழி இருக்கிறது. அந்த மௌனத்தைக் காப்பாற்ற இன்னொருத்தியை நான் தெருவில் தள்ளியதற்கு வழியே இல்லை. பாபாசாகேபின் அந்தப் பொய்யில் தள்ளப்பட்டவர் அவர் மட்டும்தான். அதையே அவர் மோசடி என்றால் என்னுடையதற்கு அவர் என்ன பெயர் வைத்திருப்பார் என்று யோசிக்கக் கூசுகிறது. வாடகை எட்டாயிரம் என்று தோழருக்கு எழுதியிருந்தேன். கணக்கு அவ்வளவோடு நிற்கவில்லை.

மகள் ஜன்னலில் நின்று எல்லாம் பார்த்திருக்கிறாள். ‘அந்த ஆயா பாட்டி பேர கரெக்டாத்தானே சொன்னாங்க?’ என்றாள். எங்கம்மாவக் கேளுங்க என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அம்மாவையே கேட்டால் அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நான் சொல்லிக்கொடுத்துக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரி படத்தைத் திரும்பக் கூடத்தில் மாட்டினோம். துணைவர் ஆணி அடிக்க அடிக்க, ‘அடுத்த வீடு எங்க பாக்கறது?’ என்றார். கேலியாகத்தான், ஆனால் முழுக்கக் கேலி இல்லை. இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா சர்க்கரை வாங்க வந்து, படத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் சர்க்கரையை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் பேசுகிறார். வாசலில் நின்று பேசுகிறார், உள்ளே வருவதில்லை. கூடவே பிள்ளைகளுக்குக் காய்ச்சலா, சளியா என்று கேட்கிறார். இதை என்ன கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சின்னம்மாவை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். விடிகாலையில் வருகைப்பதிவு போடுகிற கொட்டகைக்குப் போய்க் கண்டுபிடித்தேன். மகளையும் கூட்டிப்போனேன். நான் பேச ஆரம்பித்ததுமே கையைப் பிடித்துக்கொண்டு, ‘அத்த வுடு, அம்மா எப்புடி இருக்கா, இன்னும் முட்டி வலிக்குதா?’ என்றார். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும், கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றேன். மகள் பள்ளிக்கூடப் பையை ஒரு பார்வை பார்த்தார்.

‘வரேன். இப்ப வாணாம். இவ முழுப்பரீட்ச எழுதி முடிக்கட்டும். நடுவுல வூடு மாத்திக்கினு அலைய முடியாது.’

பரீட்சை ஏப்ரலில்.