பூனைக்குப் புகல் தரலாமா?

பூனை ஊன் உண்ணும் உயிர். இன்று அதற்குச் சோறிட்டால் நாளை அது கொல்லும் எலிக்கும் அணிலுக்கும் நாமும் பொறுப்பாவோமோ? கொல்லாமையைக் குலச்செல்வமாகப் போற்றும் சிராவகர் இல்லங்களில் இவ்வையம் எழுவது இயல்பே. உழவர்கரையில் உள்ள நம் இல்லத்தில் சென்ற மார்கழித் திங்களில் இது நேராகவே எழுந்தது.

விறகு அடுக்கியிருந்த பின்கட்டில் சாம்பல்நிறப் பூனையொன்று வந்து ஒடுங்கிற்று. வயிறு பருத்து, காம்புகள் பால்கட்டித் தடித்திருந்தன. பூனையின் சூற்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஈற்றுக்குச் சில நாட்களே எஞ்சியுள்ளன என்பது கண்டவுடனே விளங்கிற்று.

“சாக்கில் கட்டிக் கொண்டுபோய் மார்க்கெட்டில் விட்டுவிடட்டுமா, டீச்சரம்மா?” என்றார் பால் கொண்டுவரும் அம்மையார். அச்சொல் நம்மைச் சுட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் இவ்வாறே வந்த பூனையை அவ்வண்ணமே அகற்றச் சொன்னவர் நாமே. அது பரண்மேல் ஈன்றிருந்ததை நாம் பார்க்கவில்லை. சில நாள் கழித்துப் பரணில் கண் திறவாத மூன்று குட்டிகளை உயிரற்றுக் கண்டோம். நம் கையால் கொல்லவில்லை என்று ஆறுதல் கூறிக்கொள்ளலாம். ஆயின் உமாசுவாமிகள், பொச்சாப்புற்ற நிலையில் உயிரைப் போக்குதலே கொலை என்று வரையறுத்தார். பரணை ஒருமுறை ஏறிப் பார்க்காதது நம் பொச்சாப்பு அன்றோ?

நம் நூல்கள் இரு பக்கமும் பேசுவதுபோல் தோன்றும். சுவாமி கார்த்திகேயரின் அனுப்பிரேட்சை நூல், பூனை முதலியவற்றை வளர்த்தலை ஆயுத விற்பனையோடு ஒருங்கு வைத்து, அநர்த்ததண்டம் எனக் கடிகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயமோ கொல்லாமை விரதத்தின் அதிசாரங்களாக ஐந்தினைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். சாக்கிற் கட்டுவது முதற்குற்றம்; பட்டினியிடுவது ஐந்தாம் குற்றம்.

ஆழ்ந்து நோக்கின் இங்கு முரண் இல்லை. எலியைக் கொல்லும் கருவியாகப் பூனையை வளர்ப்பது, ஆயுதத்தை வீட்டில் வைப்பதற்கு ஒப்பாகும். புகல் தேடிவந்த சூலியைக் காப்பது வேறு. சீவக சிந்தாமணியில், அடிபட்டு உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் பஞ்சநமஸ்கார மந்திரத்தை ஓதினான். ஊன் தின்னும் விலங்கென்று அவன் ஒதுங்கவில்லை. அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று.

ஆகவே பூனை இருக்கட்டும் என்று துணிந்தோம். கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி, வெளிச்சம் குறைந்த மூலையில் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய நூற்புடவையை விரித்து, அருகே நீர் வைத்தோம். அடிக்கடி தொடுதலையும் எட்டிப் பார்த்தலையும் தவிர்த்தோம். அரைமணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வெளிவராவிடின் உடனே கொண்டுவரும்படி மருத்துவர் எச்சரித்திருந்தார். அத்துன்பம் நேரவில்லை. ஓரிரவில் நான்கு குட்டிகளை ஈன்று, தானே நக்கித் தூய்மை செய்தது.

உணவில்தான் இடர் நேர்ந்தது. தயிர்ச்சோறு போதும் என்றிருந்தோம். போதாது என்றார் மருத்துவர். டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. தாவர உணவில் அது இல்லை என்றே சொல்லலாம். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும், குட்டிகளும் குன்றும். செயற்கையாக ஆக்கப்படும் டாரின் உண்டு என்று அறிந்து வரவழைக்கச் சொன்னோம். அது வந்து சேரும்வரை அண்டை வீட்டார் நாள்தோறும் மீன்தலை கொண்டுவந்து இட்டனர். நாம் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை.

இதனை மாசற்ற செயல் என்று கூறமாட்டோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகையாலும் வந்து சேரும். செய்யவில்லை, செய்விக்கவில்லை, உடன்பட்டோம். தாய் மெலிந்து குட்டிகள் வாடாதது கண்டு மகிழ்ந்தோம் என்பதும் உண்மை. அப்பங்கினை நம் பிரதிக்கிரமணத்தில் ஒப்புக்கொண்டு வருகிறோம்.

பத்தாம் நாள் அளவில் குட்டிகள் கண் திறந்தன. பின்னொரு நாள் தாய் அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு அண்டை வீட்டுக் கொட்டகைக்குச் சென்றுவிட்டது. நாமும் தடுக்கவில்லை. புகல் தந்தோமேயன்றி உடைமை கொள்ளவில்லை.

இல்லறத்தார்க்கு முழுத்தூய்மை எளிதன்று. குற்றம் நேருமோ என்றஞ்சிக் கதவடைத்தால் குற்றம் நீங்கிவிடும் என்பதும் இல்லை. கதவுக்கு அப்பால் அது பெரிதாகலாம். ஆதலின் ஓர் உயிரை அகற்றுமுன் பரணையும் பின்கட்டையும் ஒருமுறை பார்ப்போமாக.