இன்று யார் முறை?

ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கத் தொடங்கிய முதல் ஜூன் மாதம், கரும்பலகையின் இடது ஓரத்தில் கட்டம் போட்டு விதிகளை எழுதினேன். பேசக் கூடாது. இடம் மாறக் கூடாது. நோட்டில் தாள் கிழிக்கக் கூடாது. கேட்காமல் வெளியே போகக் கூடாது. வலது ஓரம் வகுப்புத் தலைவனுக்கு. பேசுகிறவர்களின் பெயர்களை அவன் அங்கே எழுதி வைப்பான். ஒரே வாரத்தில் வகுப்பு அடங்கிவிட்டது. தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனார். எனக்கும் மகிழ்ச்சிதான். மொழி கற்கும் வகுப்பு ஓசையற்றுக் கிடப்பதில் மகிழ என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தவள் மூன்றாம் பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி. உரைநடைப் பாடத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் நாவில் ழகரம் ளகரமாகத்தான் வரும். ‘மழை’ என்ற சொல்லில் தடுமாறினாள். பின்னாலிருந்து சிரிப்பு. அவள் நிறுத்திவிட்டாள். சிரித்தவனை எழுப்பி நிற்க வைத்தேன். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து வாசிக்கச் சொன்னபோதெல்லாம் தொண்டை சரியில்லை என்றாள். காலாண்டுத் தேர்வு வரை அவள் குரலை நான் கேட்கவே இல்லை. கரும்பலகையில் நான் எழுதிய விதிகளில் ஒன்றைக்கூட அவள் மீறவில்லை.

நான்காம் வகுப்பில் “நான் சொல்றேன் ஐயா, நான் சொல்றேன்” என்று முண்டியடிக்கும் பிள்ளைதான், ஏழாம் வகுப்பில் விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்கிறது. பன்னிரண்டு வயதில் பிறர் பார்வை உறைக்கத் தொடங்கிவிடுகிறது. கணக்கில் தவறினால் விடைதான் தவறு. மொழி வகுப்பில் தவறாகிப் போவது அவள் வாய், அவள் வீட்டுப் பேச்சு, அவள் அம்மாவின் உச்சரிப்பு. இந்த வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய காயம் வேறு உண்டா?

அந்தக் காலாண்டு விடுமுறையில் நன்னூலை எடுத்தேன். எழுத்தும் சொல்லும் சொல்லித்தர எத்தனையோ முறை புரட்டிய நூல். முன்னால் இருக்கும் பாயிரத்தைத் தேர்வுக்குப் படித்ததோடு விட்டிருந்தேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுத்திலக்கணத்துக்குள் நுழையும் முன்பே ஆசிரியர் யார், மாணவர் யார், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று வகுத்து வைக்கிறார். மாணவன் எப்போது வர வேண்டும், எப்படி அமர வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. என்னை நிறுத்தியது அவர் போடும் ஒரு கணக்கு. ஆசிரியர் சொல்வதை மாணவன் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். மிச்சமுள்ள அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் கைக்கு வருகிறது. பேசக் கூடாது என்று எழுதிய அன்றே முக்கால் பங்கை நான் அடைத்துவிட்டிருந்தேன்.

திண்ணைப் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு பழக்கத்திலேயே தெரிந்திருந்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் எழுத்தைக் காட்டுவான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் காப்பகத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தம் காப்பகத்தில் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர் உடன்படவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார் பெல். பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித்தரும் அந்த முறையைப் பற்றி 1797இல் லண்டனில் நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர். ஒன்று மட்டும் எனக்கு வருத்தம். கடல் கடந்தபின் அந்த முறை, ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கும் மலிவான வழியாகப் பெயர் பெற்றது. திண்ணையில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் நகர்த்திய நெருக்கம் கப்பலேறியதா என்று சந்தேகமாக இருக்கிறது.

விடுமுறை முடிந்ததும் கரும்பலகையின் இரண்டு ஓரங்களையும் துடைத்தேன். பேசியவர் பெயர் இருந்த இடத்தில் ‘இன்று யார் முறை?’ என்று எழுதினேன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி தினமும் ஒருவர், முதல் பத்து நிமிடம். என்ன வாசிக்கப் போகிறோம் என்பது முதல் நாளே தெரியும். வாசித்து முடியும் வரை யாரும் திருத்தக் கூடாது, நான் உட்பட. முடிந்ததும் இன்னொருவர் எழுந்து, தான் கேட்டதைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். ஐயம் இருந்தால் அதற்குப் பிறகு. கட்டுரை நோட்டில் இரண்டு பிழைகளுக்கு மேல் சிவப்பு மையால் தொடுவதில்லை என்றும் முடிவு செய்தேன். மூன்றாம் பெஞ்சுச் சிறுமி முதல் முறை வந்தபோது எழவில்லை. தோழியோடு சேர்ந்து வாசிக்கலாம் என்றேன். இரண்டு குரலில் ஒன்று மிக மெலிதாகக் கேட்டது.

அரையாண்டுத் தேர்வு நெருங்கியது. பாடம் பின்தங்கியிருந்தது. ஒருநாள் வந்ததும் வராததுமாகப் புணர்ச்சி விதிகளை எழுதத் தொடங்கினேன். பின்னால் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, இன்னைக்கு என் முறை.”

“நாளைக்குப் பார்க்கலாம், உட்காருப்பா.”

அவன் உட்காரவில்லை. “நேத்து ராத்திரி எங்க ஆயாகிட்ட ரெண்டு தடவ படிச்சுக் காட்டினேன் ஐயா. அது அர்த்தம் கேட்டுச்சு. சொன்னேன்.”

வகுப்பே என்னைப் பார்த்தது. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டேன். இத்தனை நாளும் விதி என்றால் பிள்ளைகளுக்கு நான் இடும் கட்டளை என்றே எண்ணியிருந்தேன். அது பிள்ளைகளுக்கு நான் கொடுத்த வாக்கு. உனக்கு ஒரு நாள் உண்டு, அன்று உன்னை யாரும் இடைமறிக்க மாட்டார்கள் என்ற வாக்கு. அதை நம்பித்தான் அவன் இரவில் புத்தகத்தோடு ஆயாவின் முன் உட்கார்ந்திருக்கிறான். அதை மீறக்கூடியவனாக அந்த அறையில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

அவன் வாசித்தான். கேட்டதைச் சொல்ல மூன்றாம் பெஞ்சுச் சிறுமி எழுந்தாள். “ஊர்ல ரொம்ப நாளா மளை இல்ல” என்று தொடங்கி, நிறுத்தி, “மழை” என்று தானே திருத்திக்கொண்டு மேலே போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பெஞ்சில், மறுநாள் முறைக்காரன் புத்தகத்தில் தன் பத்தியை விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தான்.