பேஸ்மென்ட் சிறை

குற்றம் ஏதும் செய்யாதவர்களைக் குடிவரவு விசாரணைக்காகக் கனடாவின் மாகாணச் சிறைகளில் அடைத்ததையும், அவர்களுள் மனநோயாளிகள் தனிமைச் சிறைக்கும் தள்ளப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகளான ஆம்னெஸ்டியும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்சும் 2021இல் அம்பலப்படுத்தின. 2010இல் சன் சீ கப்பலில் வந்திறங்கிய 492 தமிழர் தடுத்துவைக்கப்பட்டதை அறிந்த சமூகம் இதைக் கண்டிப்பது நியாயமே. ஆனால் மனநோயுற்ற பிள்ளையை வீட்டு பேஸ்மென்டில் ஒளித்துவிட்டு, கேட்பவரிடம் "வேற இடத்தில படிக்கிறான்" என்று சொல்லும்போது, அரசைக் கேட்ட அதே கேள்வி வீட்டு வாசலுக்கும் வந்து நிற்கிறது. அப்படி மறைப்பது தவறு. பாசத்தால் செய்தாலும் தவறுதான்.

"பரம்பரை விசர்" என்று பெயர் வந்துவிடுமோ என்ற அச்சமே இந்த மறைப்பின் வேர். மினசோட்டாவில் குடியேறிய நார்வே நாட்டவரிடையே ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு கூடுதலாக இருப்பதை 1932இல் ஆய்வாளர் ஓடகார்ட் கண்டார். நோய்க்கு ஆளாகக்கூடியவர்களே ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள் என்று அதற்கு விளக்கமும் சொன்னார். 2005இல் காண்டர்-கிரே, செல்டன் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, குடியேறியவர்களுக்கு அந்த அபாயம் சராசரியாக 2.7 மடங்கு, அவர்களின் பிள்ளைகளுக்கு 4.5 மடங்கு என்று வந்தது. எங்கும் புறப்படாமல், குடியேறிய நாட்டிலேயே பிறந்த பிள்ளைக்கு அபாயம் கூடுகிறது என்றால், இரத்தத்தை மட்டும் பழிப்பது எப்படிப் பொருந்தும்? நிறத்தால் ஒதுக்கப்படுவதும், எங்கும் சேராத தனிமையும் அங்கே வேலை செய்கின்றன என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. வெளியே ஒதுக்கப்பட்டு நொந்தவனை வீடும் ஒதுக்கினால் அவன் எங்கே போவான்? நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். மறைக்கும் வீட்டில் மருத்துவருமில்லை, மருந்துமில்லை. பேண வேண்டியவர் காவலாளி ஆகிவிடுகிறார். சோழனின் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றக் கேட்டுப் பெற்றவள் மணிமேகலை. அவளைக் கொண்டாடும் மொழியினர் வீட்டையே சிறைக்கோட்டம் ஆக்கலாமா?

குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வள்ளுவரே வாய்மையோடு சேர்த்தார், அண்ணனின் நோயை மறைத்துத் தங்கையின் கலியாணம் குழம்பாமல் காப்பதும் நன்மைதானே என்று கேட்கலாம். அப்படிக் கேட்கும் பெற்றோரின் பயம் மதிக்கத்தக்கது. ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை, அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பது. அண்ணனின் சிகிச்சையை ஈடுவைத்துப் பெறும் தாலி அந்த நிபந்தனையில் தேறாது. நோய் தெரிந்தால் அகதிக் கோரிக்கை கெட்டுவிடும் என்றும் சிலர் அஞ்சுகிறார்கள். மருத்துவச் செலவைக் காரணம் காட்டி அகதியாக ஏற்கப்பட்டவரை நிராகரிக்கக் கூடாது என்று 2002இல் நடைமுறைக்கு வந்த கனடியக் குடிவரவுச் சட்டமே விலக்களித்திருக்கிறது. மனச்சிதைவின் முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையே கழியும் காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது. அந்தக் காலத்தை நீட்டுவது பல வீடுகளில் சட்டம் அன்று, "கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்" என்ற சொல்.