பொய் சொல்லும் கருவி

பொய் சொல்லலாமா என்ற கேள்வி மிகப் பழையது. இயந்திரத்திடம் பொய் சொல்லலாமா என்பது நம் காலத்துக் கேள்வி.

இராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கலிலே வெயிலுக்கு என்றும் பஞ்சம் இல்லை. அந்த வெயிலையே விளைச்சலாக்கி, ஊருக்கு வடமேற்கே கமுதிப் பக்கத்தில் 2016-இல் ஒரு சூரிய மின் நிலையம் எழுந்தது. ஏறக்குறைய 25 லட்சம் தகடுகள். 648 மெகாவாட் திறன்.

இத்தகைய நிலையங்களில், தகடுகள் தரும் மின்சாரத்தை ஊருக்கு அனுப்பத் தக்கதாக மாற்றுவது இன்வெர்ட்டர் என்னும் கருவி. கட்டுப்பாட்டு அறையிலுள்ள கணினி அதன் நலத்தை ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். பல இடங்களில் அந்த உரையாடல், 1979-இல் அமெரிக்காவின் மாடிகான் நிறுவனம் வகுத்த 'மாட்பஸ்' முறையில் நடக்கிறது. ஒரே கம்பியில் பல கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது போலத்தான். தன் எண்ணைக் கேட்டால்தான் கருவி வாய் திறக்கும்.

கணினியை விசாரிக்க வைக்கும் நிரலை முன்கூட்டியே சோதிக்க வேண்டாமா? அதற்காக நூறு இன்வெர்ட்டர்களை யார் வாங்கித் தருவார்கள்? ஆகவே இன்னொரு கணினியை இன்வெர்ட்டராக நடிக்க வைக்கிறார்கள். வெயிலே படாத அறையில் இருந்துகொண்டு, 'இதோ, இத்தனை கிலோவாட்' என்று அது பதில் சொல்கிறது. நிரலும் நம்பிவிடுகிறது.

பொய்தான். ஆனால் கேட்பவனை மகிழ்விக்கச் சொல்லும் பொய் வேறு. அவனை விழிப்பூட்டச் சொல்லும் பொய் வேறு.

எப்போதும் சரியான பதிலையே தரும் போலிக் கருவி, அரசவைத் துதிபாடியைப் போன்றது. அதன் முன் தேறாத நிரலே இல்லை. நல்ல போலிக் கருவியோ தாமதிக்கும், பாதியில் நிறுத்தும், உளறும், சில வேளை வாயே திறக்காது. வெயிலிலும் தூசியிலும் கிடக்கும் உண்மைக் கருவி இவ்வளவையும் ஒரு நாள் செய்யும்.

பதில் வராதபோது நிரல் திரையில் 'பூஜ்யம்' என்று எழுதிவிட்டால், அங்கேதான் ஆபத்து. பூஜ்யம் ஒரு பதில். மௌனம் பதில் அன்று. மின்சாரம் ஓடவில்லை என்பதையும், ஓடுகிறதா என்று தெரியவில்லை என்பதையும் ஒன்றாக்கிவிட்டால், திரையை நம்பிப் பெட்டியைத் திறக்கும் தொழிலாளியின் உயிருக்கு யார் பொறுப்பு?

'சோதித்தாயிற்று' என்று கையெழுத்திடுகிறவன் அந்தத் தொழிலாளியைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவனுக்குக் கடன்பட்டவன். எதைச் சோதித்தேன், எதைச் சோதிக்கவில்லை என்று எழுதி வைப்பது அந்தக் கடனில் ஒரு பாதி. தன் படைப்புக்குக் கசக்கும் பதிலைத் தானே தேடிக் கொடுப்பது மறு பாதி.

கருவிக்கு முகஸ்துதி கற்பிக்கக் கூடாது என்பது எளிதில் புரிகிறது. நம் யோசனைகளுக்கு ஆமாம் போடுகிறவர்களை மட்டும் கூட்டி வைத்துக்கொண்டு, 'எல்லாரையும் கேட்டாகிவிட்டது' என்கிறோமே, அது?