காட்டலும் காணப்படலும்

மனிதன் பிறர் முன்னிலையில் தன்னை ஒழுங்குபடுத்திக் காட்டுதல் பொய்ம்மையாகுமா என்பது பழைய வினா. இன்ஸ்டகிராம் போன்ற ஒளிப்படப் பகிர்வுத் தளங்களைக் கண்டிப்போர் பெரும்பாலும் இவ்வினாவுக்கு 'ஆம்' என விடையிறுத்துவிட்டே தம் கண்டனத்தைத் தொடங்குகின்றனர். விடை அவ்வளவு எளிதன்று.

கனடாவிற் பிறந்த சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன், 1949 முதல் 1951 வரை ஸ்கொட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகளில் மக்களின் அன்றாட நடத்தையை அவதானித்தார். அன்றாட வாழ்வில் மனிதர் தம்மை முன்வைக்கும் முறை பற்றிய அவரது நூல் 1956 இல் வெளியாயிற்று. தீவிலிருந்த சிறு ஹோட்டலின் உணவுக்கூடத்திற் பணிவே உருவாய்த் தோன்றிய பணியாளர், சமையலறைக்குட் புகுந்ததும் தீவின் குடியானவர் வழக்கப்படி உண்டனர், பேசினர், சிரித்தனர். முன்னதை முன்னரங்கு எனவும் பின்னதைப் பின்னரங்கு எனவும் அவர் வேறுபடுத்தினார். இவற்றுள் எது உண்மை முகம் எனக் கேட்பது பயனற்றது, இரண்டும் உண்மையே. இடையில் ஒரு கதவு இருந்தமையாலேயே இரண்டும் இயன்றன.

பட்டமளிப்பு அங்கியுடன் எடுக்கப்பட்டு, யாழ்ப்பாணத்து வீடுகளின் முன்மண்டபத்தில் மாட்டப்பட்டிருக்கும் படத்தை எவரும் பொய்யென்று கூறுவதில்லை. அங்கி இரவல், பின்னால் தொங்குவது ஸ்டூடியோக்காரர் தீட்டுவித்த திரை, தலையின் சாய்வும் அவர் சொல்லிக்கொடுத்ததே. ஆயினும் அப்படத்தின் முன் அமர்ந்து தேநீர் அருந்துபவர் அப்பட்டதாரியை அறிந்தவர். முதல் தடவை பரீட்சையில் தவறியதையுங்கூட அறிந்தவர். படம் அறிமுகத்துக்கு ஓர் அணியாய் அமைந்ததேயன்றி அதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளவில்லை.

கெவின் சிஸ்ட்ரம், மைக் கிரீகர் ஆகிய இருவரும் 2010 ஒக்ரோபரில் வெளியிட்ட இன்ஸ்டகிராமை, 2012 இல் பேஸ்புக் நிறுவனம் ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டது. இங்கே படத்தைக் காண்போர் யாரென்ற வரையறை தளர்ந்துவிடுகின்றது. பெற்றார், பள்ளித் தோழர், தொழில் தருவோர், முன்பின் அறியாதார் யாவரும் ஒரே வரிசையில் அமர்கின்றனர். அவரவர்க்கேற்ப முகங்காட்டிய மனிதன், எல்லோர்க்கும் பொருந்தும் ஒரு முகத்தைத் தேடவேண்டியவனாகின்றான். ஒரே மலையுச்சி, ஒரே கோப்பிக் கோப்பை, ஒரே புன்னகை எனப் படங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதன் காரணம் கற்பனை வறுமை மட்டுமன்று. சமையலறையும் அலங்கரிக்கப்பட்டு முன்னரங்காகிவிட்டது. 2020 இல் பிரான்சில் தோன்றிய பீரியல் என்னும் செயலி, அழைப்பு வந்த இரண்டு நிமிடத்துள் உள்ளபடியே படமெடுக்குமாறு பணித்தது. உள்ளபடி இருத்தலுக்கும் நேரங்குறிக்க நேர்ந்தமை சற்று நகைப்புக்குரியதே.

இவற்றினும் பாரதூரமானது எண்ணிக்கை. நண்பனின் பாராட்டில் பாராட்டுபவன் இருக்கின்றான். அவன் தயக்கமும் உண்டு, பொறாமையுங்கூட உண்டு. விருப்பக்குறிகளின் கூட்டுத்தொகையில் எவரும் இல்லை. அத்தொகையைப் பிறர் காணாது மறைக்கும் முயற்சி 2019 இற் பரீட்சார்த்தமாகவும், 2021 இற் பயனாளரின் விருப்பத்துக்குரிய ஏற்பாடாகவும் வந்தது. பிறர்க்கு மறைத்தாலும் படத்துக்குரியவர் தம் தொகையைக் காணலாம். நோவது அவருக்கே என்பதை எண்ணும்போது இப்பரிகாரத்தின் எல்லை விளங்கும். குடிசைகளின் முன் ஆடிப்பாடக் கூடியோர் ஒருவரையொருவர் நோக்கவும் தாம் நோக்கப்படவும் விழைந்ததையே சமத்துவமின்மையின் முதற்படியென 1755 இல் ரூசோ கருதினார். அவர் கற்பனைசெய்த அக்கூட்டம் இரவானதும் கலைந்திருக்கும்.

கடல் கடந்து உழைக்கும் தந்தைக்குப் பிள்ளையின் முதல்நாட் சீருடைப் படம் எத்துணை பெரிது என்பதை மறுக்கவியலாது. அங்கே படம் ஒருவருக்காக எடுக்கப்படுகின்றது. விருந்து மேசையில் ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்தும்போது நிகழ்வது வேறு. கூட இருப்போர் சம்மதம் கேட்கப்படாமலே நடிகராகின்றனர். பாதியில் நின்ற கதை படம் முடியும்வரை காத்திருக்கின்றது. அங்கில்லாதோரின் கண் அங்கிருப்போரின் பேச்சினும் முதன்மை பெறுகின்றது. நேர்மையீனம் என்பதைவிட மரியாதைக் குறைவு என்பதே இதற்குப் பொருத்தமான பெயர்.

இளைஞர் பலர் நெருங்கிய சிலர் மட்டும் அறிந்த இரண்டாவது கணக்கொன்றை வைத்திருக்கின்றனர். மங்கிய படங்களும், அழுது வீங்கிய முகமும், கலைந்த அறையும் அங்கேதான் இடம்பெறுகின்றன. எவரும் கற்பிக்காமலே அவர்கள் ஒரு கதவை அமைத்துக்கொண்டனர். அக்கதவின் உட்புறத்திலும், ஒவ்வொரு படத்தின் கீழும், விருப்பக்குறிக்கென ஓர் இதயம் வரையப்பட்டிருக்கின்றது.