பிந்தியவர் கண்ணுக்குத் தெரியாதவர்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பூசைக்குப் பிந்திவிட்டோம் என்ற பதற்றத்தில் வாகனத் தரிப்பிடத்திலிருந்து கோயில் வாசல்வரை ஓடினோம். பூசை முடிந்து வெளியே வந்தபோது என் மகள் கேட்டாள்: "அப்பா, நாங்கள் ஓடி வரேக்குள்ள அந்த அம்மம்மா படியடியில நிண்டவ. நீங்கள் ஏன் ஒண்டும் கேக்காமல் வந்தனீங்கள்?"

எமக்கு நன்கு தெரிந்த மூதாட்டி அவர். படியேறக் கைகொடுக்க யாராவது வருவார்களா என்று பார்த்து நின்றிருக்கிறார். நான் அவரைக் காணவேயில்லை. காணாதது குற்றமாகுமா? இக்கேள்வி என்னை விடவில்லை.

1973ஆம் ஆண்டு ஜோன் டார்லி, டானியல் பற்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மதகுருமாராகப் பயிலும் 40 மாணவர்களைத் தனித்தனியே அடுத்த கட்டடத்துக்குச் சென்று பேசும்படி அனுப்பினர். சிலருக்குக் கொடுத்த பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதை. செல்லும் வழியில், ஏற்பாட்டின்படி, ஒருவர் வாசலில் சரிந்து கிடந்து இருமி முனகினார்.

"இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன" என்று கேட்டுப் போனவர்களில் நூற்றுக்கு 63 பேர் உதவினர். "இப்போதே போகலாம்" என்று கேட்டவர்களில் 45 பேர். "பிந்திவிட்டீர்கள், உங்களை எதிர்பார்த்திருக்கிறார்கள்" என்று கேட்டவர்களில் 10 பேர் மட்டுமே. இரக்கத்தைப் பற்றிப் பேசப் போன சிலர், கிடந்தவரைத் தாண்டியே நடந்தனர்!

இவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். தமக்காகக் காத்திருப்பவரைக் காக்க வைக்கக்கூடாது என்பதும் ஒரு கடமைதானே. ஆயினும் "பிந்திவிட்டோம்" என்ற ஒரு நினைவு மனத்தில் புகுந்ததும் பார்வை சுருங்கிவிடுகிறது. எதிரே நிற்கும் மனிதர் மனிதராகத் தெரிவதில்லை. வழியிலுள்ள ஒரு பொருளாகிவிடுகிறார்.

அப்படியானால் விரைவே தவறா? இல்லை. காலமறிதல் என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதன் முடிவில் கொக்கைக் காட்டுகிறார். காத்திருக்கும்போது அசையாது, வாய்த்தபோது தாமதியாது. அதன் வேகத்திலும் பதற்றமில்லை.

என் குற்றம் அந்தப் படியடியில் நடந்ததல்ல என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அது அரை மணித்தியாலம் முன்பே, வீட்டில், ஒரு நிமிடமும் மிச்சமில்லாமல் கணக்குப் பார்த்துப் புறப்பட்டபோதே நடந்துவிட்டது. அங்கே நேரத்தை மிச்சம் பிடித்தேன். இங்கே கண்ணை இழந்தேன். இரண்டு வேலை செய்து ஓடிவருவோருக்கு இந்த மிச்சம் கிடைப்பது அரிது. ஆகவே, நேரம் வாய்த்தவர்கள் அவர்களுக்கும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அடுத்த வெள்ளி இருபது நிமிடம் முந்திப் புறப்பட்டோம். மகள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அந்த அம்மாவின் கையைப் பிடித்தோம். பாதிப் படியில் பூசை மணி கேட்டது. "நீங்கள் போங்கோ பிள்ளையள்" என்றார். நாங்கள் மெதுவாகவே ஏறினோம்.